கனாக் கண்டபின் எட்டுத் திருமொழிகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸம்ப்ரதாயத்துத் திருமணங்களில் சீர்பாடல் நடைபெறும் வேளையில், மணமக்களிடையே தேங்காய் உருண்டுகொண்டிருக்க, பெரியோர்கள் கோஷ்டியாக அமர்ந்து நாச்சியார் திருமொழியின் 6ஆம் திருமொழியை அநுஸந்திப்பதைக் கேட்கிறோம். ஆண்டாள் தான் கண்ட கனாவைத் தோழிக்கு உரைக்கும் அந்த 11 பாசுரங்களும் நிறைவுற்றவுடன் ததீயாராதனத்துக்கு எழுந்து செல்கிறோம். இவ்வாறே பலகாலும் கேட்டுப் பழகியமையால், நாச்சியாரின் சரித்ரம் அக்கனாவோடு மங்களமாக முடிந்துவிட்டது போன்ற ஓர் எண்ணம் நம்மையறியாமல் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

ஆயின், நாச்சியார் திருமொழி 14 திருமொழிகளாக, 143 பாசுரங்களாக அமைந்த திவ்யப்ரபந்தம். கனாவைச் சொல்லும் திருமொழி அதில் 6ஆவது. அதற்குப் பின்னும் 8 திருமொழிகள் உள்ளன. கனவிலே திருமணம் நிறைவேறியது. விழித்தபோது அவன் அருகில் இல்லை. அந்நிலையில் நின்று அவள் அருளிச்செய்தவை அவ்வெட்டும். வாழ்வில் ஒரு குறிக்கோளைக் கொண்டு அதற்கு உண்மையாக இருப்பது எப்படி என்பதை இவ்வெட்டுத் திருமொழிகளை முன்னிட்டு இவ்விதழில் சிறிது சிந்திப்போம்.

முதலில் அக்கனாவின் அமைப்பை நோக்குவோம். ஆனைகள் ஆயிரம் சூழ நாரணன் எழுந்தருளுகிறான். மறுநாள் திருமணம் என்று நாளிட்டுப் பந்தல் அமைகிறது. இந்திரன் உள்ளிட்ட தேவர்கள் வந்து பெண் பேசுகிறார்கள். துர்க்கை கூறையுடுத்தி மாலை சூட்டுகிறாள். நாற்றிசைத் தீர்த்தம் கொணர்ந்து காப்புக் கட்டுகிறார்கள். பின்னர்க் கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல், மங்கல நீராட்டு என்று ஒன்றும் விடாமல், முன்பின் மாறாமல் வருகின்றன. ‘நல்வாழ்வு அமைந்தால் போதும்’ என்ற பொதுவான ஆசையில் இவ்வளவு நுணுக்கம் இராது. தனக்கு வேண்டியது இன்னது, இன்னாரிடம், இன்ன முறையில் என்று அறிந்தவளின் கனா இது.

கனவு என்பது எங்கிருந்து வருகிறது என்ற விசாரம் ப்ரஹ்மஸூத்ரத்தின் 3ஆம் அத்யாயம் 2ஆம் பாதத்தின் தொடக்கத்தில் உண்டு. கனவிற் காணும் பொருள்கள் ஜீவன் தானே படைத்துக்கொள்பவை அல்ல என்றும், அவரவர் கர்மத்துக்கு ஏற்ப, அவரவர் மட்டுமே, அந்தக் காலத்தளவில் மட்டுமே அநுபவிக்கும்படி ஈச்வரனே அவற்றைப் படைக்கிறான் என்றும் எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிர்வஹித்தருளினார். நாச்சியார் விஷயத்தில் கர்மத்தின் இடத்தில் அவனுடைய க்ருபையை வைத்துக்கொள்வது தகும். அவள் கண்ட கனா அவளுக்கென்றே அவன் சமைத்துக் கொடுத்த ப்ரஸாதம்.

உறக்கத்தில் காணும் கனவுக்குச் சொன்ன இந்த ந்யாயத்தை, வாழ்நாள் முழுதும் ஒருவர் நெஞ்சில் நிற்கும் நல்வேட்கைக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அப்படிப் பார்க்குமிடத்து, ‘ப்ரபன்னனுக்குத் தனக்கென்று ஒரு கனவு உண்டோ? அது ஸ்வாதந்த்ர்யம் ஆகாதோ?’ என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. வேட்கையைக் கொடுத்தவன் அவனாகில், அதைக் காத்துக்கொள்வது சேஷபூதனுடைய கடமையே. கைங்கர்யம் என்னும் பேறு எல்லார்க்கும் பொது. அதன் வடிவம் ஆள்தோறும் வேறு. பெரியாழ்வாருக்கு நந்தவனமும் பூமாலையும். தொண்டரடிப்பொடியாழ்வாருக்கும் திருவரங்கத்தில் துளவத் தொண்டு. திருமங்கையாழ்வாருக்கோ திருமதிள் திருப்பணி. ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தம் தொண்டை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி, கனாவுக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் காண்போம். 7ஆம் திருமொழியில் நாச்சியார் பாஞ்சஜன்யத்தை விளித்து அவன் திருவாயின் சுவையையும் மணத்தையும் வினவுகிறாள். 8இல் மேகங்களைத் திருவேங்கடத்துக்குத் தூது விடுகிறாள். 9இல் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொள்கிறாள். 10இல் கார்காலத்துப் பூக்களும் குயிலும் மயிலும் கடலும் அவனை நினைவூட்டி வருத்துகின்றன. 11இல் கைவளை கழன்று நிற்கிறது. 12இல் தன்னை மதுரைப்புறத்தே கொண்டுபோய் விடும்படி உற்றாரை வேண்டுகிறாள். 13இல் அவனுடைய பீதாம்பரத்தையாவது கொணர்ந்து தன் வாட்டம் தீர வீசுங்கள் என்கிறாள். கனா காண்பதற்கு முன்பும் காமனை நோற்றாள், கூடல் இழைத்தாள், குயிலை இரந்தாள். இடையில் அத்தனை சீர்களோடு ஒரு திருமணம் நடந்திருந்தும் அவளுடைய தவிப்பு குறையவில்லை, மிகுந்தது.

இவற்றையெல்லாம் அவனை அடையும் உபாயங்களாகக் கருதி அவள் செய்தாளோ என்னில், உபாயம் அவனே என்பதில் நாச்சியாருக்கு ஐயமில்லை. பேற்றிலே உண்டான த்வரை அவளை இருந்தவிடத்தில் இருக்கவொட்டவில்லை. சங்கு, மேகம், மலர், உற்றார் என்று அவள் பற்றிய துணைகள் மாறிக்கொண்டே வந்தன. சென்று சேரவேண்டிய இடம் ஒருமுறையும் மாறவில்லை. மானிடர்க்கு வாழ்க்கைப்படும் பேச்சு எழுந்தாலே உயிர் தரியேன் என்று முதல் திருமொழியில் சொன்ன சொல், 13ஆவதிலும் அப்படியே நிற்கிறது. நாமோ பெரும்பாலும் இதற்கு மாறாக நடக்கிறோம். ஒரு வழி அடைபட்டவுடன், வேறு வழி தேடுவதை விட்டு, சேருமிடத்தையே மாற்றிக்கொண்டு, அதற்கு ‘விவேகம்’ என்று பெயரும் இடுகிறோம்.

வங்கிப் பணியில் நாம் கழித்த ஆண்டுகளில் கண்ட நடைமுறை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. எந்தக் கடன் விண்ணப்பத்திலும் ‘நோக்கம்’ என்று ஓர் இடம் இருக்கும். கறவை மாடு வாங்க என்று அங்கே எழுதியிருந்தால், சில மாதங்கள் கழித்து அதிகாரி கிராமத்துக்குச் சென்று கொட்டிலில் மாடு நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அதன் காதில் தொங்கும் காப்பீட்டு வில்லையின் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடவேண்டும். தவணையைத் தவறாமல் கட்டிவருபவராயினும், பணம் வேறு செலவுக்குப் போயிருந்தால், கடன் நோக்கம் பிறழ்ந்தது என்றே குறிப்பு எழுதப்படும்.

தவணை தவறாமையும் நோக்கம் பிறழாமையும் வெவ்வேறு என்பதே நாம் கருதத்தக்கது. படிப்பு, வேலை, வீடு, மக்களின் திருமணம் என்று உலகியல் தவணைகள் அனைத்தையும் உரிய நாளில் செலுத்தி முடித்து, ஓய்வூதியம் பெறும் பருவத்துக்கு வந்துவிடுகிறோம். எவரும் நம்மிடம் குறை காண இயலாது. ஆயினும் இந்தக் கரணகளேபரங்களை எதற்காக அவன் தந்தருளினானோ, அந்த மாடு கொட்டிலில் நிற்கிறதா? இதைப் பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதில்லை. அந்தர்யாமியாய் உள்ளே நிற்பவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஒருவரது வேட்கை நிலைபெறுவதில் உடன் இருப்பவர்களுக்கும் பங்குண்டு. அவனுக்கென்று தொடுத்த மாலையை மகள் சூடியிருக்கக் கண்ட பெரியாழ்வார் முதலில் மனம் வருந்தினார். அன்று அதனை ஸமர்ப்பிக்கவில்லை. அவள் சூடிக்கொடுத்ததே தன் திருவுள்ளத்துக்கு உகந்தது என்று எம்பெருமான் ஸ்வப்நத்தில் உணர்த்தியபின், அவ்வாறே ஸமர்ப்பித்து வந்தார். மணப்பருவத்தில், மானிடன் வேண்டேன் என்று அவள் மறுத்தபோது, ஊர் என்ன சொல்லும் என்று அதட்டவில்லை. திவ்யதேசத்து எம்பெருமான்களின் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அவள் அரங்கனை வரித்தாள். மக்களின் மனத்தில் அவன் வைத்த வேட்கை இன்னதென்று கேட்டறிய நம்மில் எத்தனை பெற்றோர் இவ்வளவு பொறுமையாக அமர்கிறோம்?

இனி, ஒருவர் கொண்ட குறிக்கோள் அவர் காலத்திலேயே, அவர் கையாலேயே நிறைவேறவேண்டும் என்ற நிர்பந்தமும் இல்லை. 9ஆம் திருமொழியில், நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்கு வாயால் நேர்ந்தாள் நாச்சியார். நெடுங்காலம் கழிந்தது. 1017இல் அவதரித்த உடையவர் அப்பாசுரத்தை அநுஸந்தித்து, சொல்லளவில் நிற்கும் அந்நேர்த்தியைச் செயலில் முடிக்கத் திருவுள்ளம் கொண்டார். திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி அவ்வாறே அமுது செய்வித்து, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்ந்தபோது, நாச்சியார் அவரை அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பர் பூர்வர்கள். தங்கை நேர்ந்ததைத் தமையன் செலுத்தினமையால் அவருக்குக் கோயில் அண்ணன் என்ற திருநாமம் நிலைத்தது. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று நம் அகங்களில் அக்காரவடிசில் ஸமர்ப்பிக்கும்போது இந்த உறவும் நினைக்கத்தக்கது.

நம் நண்பர் ஒருவர் பணி ஓய்வுக்குப் பின் நாலாயிரமும் சந்தை சொல்லிக் கற்பது என்று ஸங்கல்பித்தார். ஆசாரியர் ஒருமுறை சொல்ல, கற்பவர் இருமுறை சொல்லவேண்டும். காலையில் மனப்பாடமானது மாலையில் மறந்துபோகும் வயது. இடையில் கண்புரை அறுவைசெய்துகொண்டு சில வாரங்கள் ஏட்டைப் பார்க்கலாகாத நிலை வந்தது. அந்நாட்களில் செவியாலேயே கேட்டுச் சொல்லிவந்தார். ‘ஸ்வாமி, இந்த வேகத்தில் இயற்பா வரை செல்ல இயலுமோ?’ என்று ஒருவர் கேட்டார். ‘முடித்துக்கொடுப்பது அவன் பொறுப்பு; நாளைய இரண்டு பாசுரம் அடியேன் பொறுப்பு’ என்றார் அவர். எட்டுத் திருமொழிகளின் ஸாரத்தை இதனினும் சுருக்கமாக நம்மால் சொல்ல இயலாது.

வயது சென்றுவிட்டதே என்று கலங்கும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். இளமையில் நெஞ்சில் எழுந்து, குடும்பக் கடமைகளால் ஒதுக்கிவைக்கப்பட்ட நல்வேட்கை ஏதேனும் உண்டா என்று எண்ணிப்பார்க்கலாம். அது பாசுரங்களைக் கற்பதாகலாம். ஒரு ஸந்நிதிக்குத் திருத்துழாய் வளர்த்துக் கொடுப்பதாகலாம். வறிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகலாம். அவன் திருவுள்ளம் உகக்குமா என்ற ஒரு கேள்வியில் அது தேறுமாகில், இன்றே சிறிதளவில் தொடங்கலாம். தொடங்கியதை நம் காலத்தில் முடிக்க இயலாவிடினும், பின்னொரு நாள் முடிக்க ஓர் அண்ணனை அவன் அனுப்பிவைப்பான்.

14ஆம் திருமொழி கேள்வியும் விடையுமாக அமைந்தது. அவனைக் கண்டீரோ என்று கேட்பவருக்கு, விருந்தாவனத்தே கண்டோம் என்று விடை வருகிறது. கனாவில் கண்டதைச் சொன்னவளே இங்கே நேரில் கண்டதாகச் சொல்கிறாள். 6ஆம் திருமொழியிலிருந்து 14ஆம் திருமொழி வரையிலான அந்த நெடுவழியை அவள் நடந்து கடந்தாள். இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னார் அவளுடன் ஒரே ஸந்நிதியில், பெரிய திருவடியும் உடன் நிற்க, ஸேவை ஸாதிக்கிறார். ஆண்டுதோறும் பங்குனி உத்தரத்தன்று அங்கே திருக்கல்யாணம் நடைபெறுகிறது. அவள் சூடிக்களைந்த மாலை புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் கருடஸேவைக்காகத் திருவேங்கடம் செல்கிறது. அவள் மேகத்தைத் தூதுவிட்ட அதே மலைக்கு, அவள் மாலை ஆண்டு தவறாமல் சென்று சேர்கிறது.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.