கரையில் எரிந்த நெருப்பு



இரவு முழுதும் வலை வீசியும் ஒரு மீனும் அகப்படாத ஏழு சீடர்களுக்காக, உயிர்த்த சேசுநாதர் திபேரியாக் கடற்கரையில் காத்திருந்தார். அவர் சொற்படி வலப்பக்கம் வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் விழுந்தன. நிற்பவர் ஆண்டவரென்று அறிந்ததும் அர்ச். இராயப்பர் கடலிற் குதித்தார். கரையிலே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் இருந்தன.

அந்நெருப்பைக் கண்டு இராயப்பரின் நெஞ்சு சுட்டிராதோ? பிரதான குருவின் முற்றத்திலும் கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபோதல்லவா ஆண்டவரை மும்முறை மறுதலித்தார்! இரண்டு இடங்களிலும் அர்ச். அருளப்பர் ஒரே சொல்லையே எழுதியிருக்கிறார். ஆண்டவரோ கடிந்துகொள்ளாமல் பசியாற்றினார். உண்ட பின்னரே, தம்மை நேசிக்கிறாரா என்று மும்முறை கேட்டார். மறுதலித்த நாவே மும்முறை அன்பை அறிக்கையிட்டது. தம் ஆடுகளையும் அவரிடமே ஒப்படைத்தார்.

வெட்கத்தால் பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராத சகோதரனே, நீ அஞ்சுவது முற்றத்து நெருப்பை. உனக்காக எரிவதோ கரை நெருப்பு. படகு கரை சேருமட்டும் இராயப்பர் பொறுக்கவில்லை. நீயும் திருநாள் வரட்டுமென்று தாமதியாதே. இந்தச் சனிக்கிழமையே வா.