அரசு வழக்கறிஞர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

நாட்டின் பாதுகாப்பைச் சொல்லி அரசாங்கம் நீதிமன்றத்தில் ஓர் அறிக்கையை வைக்கிறது. அதில் உள்ள முக்கியமான தகவல்கள் பொய் என்று அரசின் சார்பில் வாதாடும் வழக்கறிஞருக்கே தெரியும். எதிர்த்தரப்புக்கு அது தெரிய வழியில்லை. பதவியில் இருந்துகொண்டே முடிந்த அளவு சரிசெய்யப் பார்ப்பதா, கையொப்பமிட மறுத்து விலகுவதா? 1944 செப்டம்பரில் வாஷிங்டனில் நீதி அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் சிலர் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் விலகவில்லை. அது சரியா என்பதை எண்பது ஆண்டுகள் கடந்தும் விவாதிக்க வேண்டியிருக்கிறது.

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. மூன்று மாதம் முடிவதற்குள், 1942 பிப்ரவரி 19 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணிட்ட ஆணையைப் பிறப்பித்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். ஒருவர் மீதும் தனியாகக் குற்றம் சாட்டி விசாரிக்கவில்லை. ஓக்லாந்தில் பிறந்த வெல்டர் ஃபிரெட் கோரமாட்சு போக மறுத்துக் கைதானார். அவருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அரசின் வாதம் ‘ராணுவத் தேவை’ என்ற ஒன்றின் மேல்தான் நின்றது.

அந்தத் தேவைக்கு ஆதாரம், மேற்குப் பகுதித் தளபதி ஜான் டிவிட் எழுதிய அறிக்கை. கரையிலிருந்து எதிரிக் கப்பல்களுக்கு வானொலி சமிக்ஞைகள் போயின, விளக்குகள் காட்டப்பட்டன என்று அது சொன்னது. நீதி அமைச்சகத்தைச் சேர்ந்த எட்வர்ட் என்னிஸும் ஜான் பர்லிங்கும் இதைச் சரிபார்த்தார்கள். வானொலி அலைவரிசைகளைக் கண்காணித்த கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. எஃப்.பி.ஐ.யும் அதையே சொன்னது. கடற்படை உளவுத்துறை அதிகாரி கென்னத் ரிங்கிள், இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் விசுவாசமானவர்கள், சந்தேகத்துக்கு உரியவர்களைத் தனித்தனியாக விசாரித்தால் போதும் என்று 1942 தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். இதை நீதிமன்றத்திடம் சொல்லாமல் விடுவது ஆதாரத்தை மறைப்பதற்கு ஒப்பாகும் என்று, இதே போன்ற முந்தைய வழக்கான ஹிராபயாஷி வழக்கு நடந்த 1943-லேயே அரசின் தலைமை வாதுரைஞர் சார்ல்ஸ் ஃபாஹிக்கு என்னிஸ் எழுதி எச்சரித்தார். ஃபாஹி சொல்லவில்லை.

கோரமாட்சு வழக்கில் என்னிஸும் பர்லிங்கும் வேறு வழி தேடினார்கள். அரசின் எழுத்துவாதத்தில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார்கள். அறிக்கையின் வானொலிக் குற்றச்சாட்டுகள் நீதி அமைச்சகத்திடம் உள்ள தகவல்களோடு முரண்படுகின்றன என்று அந்த வரைவு ஒளிக்காமல் சொன்னது. அச்சகத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது போர் அமைச்சகம் தலையிட்டது, அச்சு நிறுத்தப்பட்டது. வாசகத்தைத் திருத்தி இரு அமைச்சகங்களையும் சமாதானப்படுத்தும் பொறுப்பு, கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராக இருந்து அமைச்சகத்துக்கு வந்த ஹெர்பர்ட் வெக்ஸ்லரிடம் வந்தது. அவர் எழுதிய வடிவத்தில் முரண்பாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த எழுத்துவாதத்தில் எடுத்துக்கூறிய உண்மைகளின் அளவுக்கு மட்டுமே அறிக்கையை நம்புகிறோம் என்ற ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது. எதைத் தவிர்த்தார்கள், ஏன் தவிர்த்தார்கள் என்று அதைப் படிக்கும் நீதிபதிக்குப் புரிய வாய்ப்பே இல்லை. கசப்போடுதான் என்றாலும் என்னிஸ், பர்லிங் இருவரின் பெயர்களும் அதன் கீழே இடம்பெற்றன.

அவர்களுக்காகச் சொல்லக்கூடிய நியாயங்கள் அற்பமானவை அல்ல. நாம் விலகினால் ராணுவம் சொல்வதை அப்படியே ஒப்பிக்கும் ஆட்கள் நம் இடத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது முதல் நியாயம். பல ஆண்டுகளுக்குப் பின் என்னிஸே இந்தக் காரணத்தைத்தான் சொன்னார். நல்ல அதிகாரிகள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டுதான் வேலையில் இருக்கிறார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அங்கே இருந்ததால் என்ன தடுக்கப்பட்டது என்று கணக்குப் பார்க்க வேண்டும். 1943-ல் இருந்தார்கள், உண்மை மறைந்தது. 1944-ல் இருந்தார்கள், அப்போதும் மறைந்தது. அத்தோடு அரசின் வாதுரைஞர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நீதிமன்றம் வைத்திருந்த நம்பிக்கைக்கு நேர்மையானவர்களின் பெயர்களே பிணையாக நின்றன. டிவிட்டின் அறிக்கை தன் சொந்த பலத்தில் அந்த மதிப்பைப் பெற்றிருக்க முடியாது.

இரண்டாவது நியாயம் வெக்ஸ்லருடையது, இதுதான் வலுவானது. சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. ஆபத்தைத் தளபதி மதிப்பிடுகிறார், கொள்கையை அதிபர் வகுக்கிறார், தீர்ப்பை நீதிபதி சொல்கிறார்; வழக்கறிஞரின் வேலை வாதாடுவது. ஒவ்வொரு வழக்கறிஞரும் தன் மனசாட்சிக்கு ஒத்துவந்தால்தான் வாதாடுவேன் என்றால், ஊரே வெறுக்கும் குற்றவாளிக்காக வாதாட ஆள் கிடைக்காது. இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. எளியவர்களின் உரிமைகள் பலவும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் பிழைத்திருக்கின்றன.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒரு தரப்பு மறைப்பதை மறுதரப்பு தோண்டி எடுக்க முடிய வேண்டும். சொத்து வழக்கில் முடியும், கொலை வழக்கிலும் ஓரளவு முடியும். தேசப் பாதுகாப்பு வழக்கில் கோப்புகள் எல்லாம் அரசின் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. வானொலிக் கண்காணிப்பு முடிவுகளைக் கோரமாட்சுவின் வழக்கறிஞர்களால் எங்கே போய்க் கேட்டிருக்க முடியும்? உண்மையைச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆள் அரசின் வழக்கறிஞர் என்று ஆனபிறகு, அவர் வாய்மூடி இருப்பது வழக்கைத் தீர்த்துவைப்பதற்குச் சமம். பாதுகாப்பு என்று வந்தால் நீதிமன்றத்திடம் உண்மை பேசும் கடமை தளரும் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்குகளில்தான் அது இரட்டிப்பாக இறுக வேண்டும்.

போரின்போது ரகசியத்தை வெளியே சொல்லலாமா என்று கேட்கலாம். அப்படி எதையும் அவர்களிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை. வானொலி சமிக்ஞைகளே இல்லை என்ற தகவலால் எதிரிக்கு ஒரு பயனும் கிடையாது. பத்திரிகைக்குக் கசியவிட வேண்டியதும் இல்லை. அடிக்குறிப்பு முதலில் எழுதியபடியே இருக்கட்டும், இல்லையென்றால் எங்கள் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும்.

1944 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம், மூவர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ஒருவரான ஃபிராங்க் மர்பி, மறைத்த கோப்புகள் எதையும் பார்க்காமலே, டிவிட்டின் அறிக்கையில் இருப்பது ராணுவ மதிப்பீடு இல்லை, இனவெறுப்பு என்று கண்டுகொண்டார். அதனால் தவறு முழுவதையும் வழக்கறிஞர்கள் தலையில் கட்ட முடியாது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் உண்மையைக் கேட்டபின் தோற்பதற்கும் பொய்யைக் கேட்டுத் தோற்பதற்கும் வித்தியாசம் உண்டு. கோரமாட்சுவுக்கு முதலாவது கூடக் கிடைக்கவில்லை.

சட்ட அறிஞர்கள் எல்லோரும் பேசாமல் இருக்கவில்லை. யேல் பேராசிரியர் யூஜின் ரோஸ்டோ அடுத்த ஆண்டே, இந்தத் தீர்ப்புகள் ஒரு பேரழிவு என்று சட்ட இதழில் எழுதினார். மறைத்த ஆவணங்கள் வெளிவருவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆய்வாளர் பீட்டர் அயர்ன்ஸ் அமைச்சகத்தின் பழைய கோப்புகளில் என்னிஸ், பர்லிங்கின் குறிப்புகளைக் கண்டெடுத்தார். டிவிட் அறிக்கையின் முதல் வடிவத்தைப் போர் அமைச்சகம் எரித்திருந்தது. விசாரிக்க நேரம் இல்லை என்பது காரணமே அல்ல, நேரம் இருந்தாலும் இம்மக்களில் விசுவாசமானவர்களைப் பிரித்தறிய முடியாது என்று அதில் எழுதியிருந்ததால் அது அரசின் வாதத்தைக் கெடுத்துவிடக்கூடியதாக இருந்தது. எரியாமல் தப்பிய ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டுபிடித்தவர் அய்கோ ஹெர்சிக் யோஷினாகா. அவர் சட்டம் படித்தவர் இல்லை. இளம்பெண்ணாக அந்த முகாம்களில் அடைபட்டிருந்தவர். இந்த ஆதாரங்களை வைத்தே 1983 நவம்பரில் நீதிபதி மேரிலின் ஹால் பட்டேல் கோரமாட்சுவின் தண்டனையை நீக்கினார். 1988-ல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டவர்களில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. தலைமை வாதுரைஞர் அலுவலகம் தன் தவறை ஒப்புக்கொள்ள 2011 வரை ஆனது.

சட்டக் கல்லூரி வகுப்பறைக்குள் இதில் எவ்வளவு போகிறது? 1870-ல் ஹார்வர்டில் லாங்டெல் தொடங்கிய முறைப்படி மாணவர்கள் இன்றும் தீர்ப்புகளைத்தான் படிக்கிறார்கள். இன அடிப்படையிலான கட்டுப்பாட்டை மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலில் சொன்ன தீர்ப்பு என்பதால் கோரமாட்சு வழக்குக்குப் பாடத்தில் நிலையான இடம் உண்டு. கோட்பாட்டைப் படித்துத் தேர்வும் எழுதிவிடலாம். எழுத்துவாதம் அச்சாகுமுன் நடந்தது தீர்ப்பில் இல்லாததால், அந்தக் கோட்பாட்டுக்கு அடியில் கிடந்த பொய்யை அறியாமலே பட்டம் வாங்கிவிடலாம். வெக்ஸ்லரைவிடச் சிறந்த சட்ட ஆசிரியரைக் காட்டுவது கடினம். கூட்டாட்சி நீதிமன்றங்கள் பற்றி ஹென்றி ஹார்ட்டோடு அவர் தொகுத்த 1953-ஆம் ஆண்டின் பாடநூல் பல தலைமுறைகளை உருவாக்கியது. 1964-ல் நியூயார்க் டைம்ஸுக்காக வாதாடிப் பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்தவரும் அவரே. அவ்வளவு கற்றவரின் கையே அந்த அடிக்குறிப்பை எழுதியது என்றால், சட்ட அறிவு மட்டும் இந்த இடத்தில் ஒருவரைக் காப்பாற்றாது.

2018-ல், சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் வர அரசு விதித்த பயணத் தடை பற்றிய வழக்கில், கோரமாட்சு தீர்ப்பு பிறந்த நாளிலேயே மிகத் தவறானது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். அதே தீர்ப்பில் அரசின் பாதுகாப்புக் காரணத்தை நீதிமன்றம் ஏற்றது. தடைக்கு அடிப்படை என்று சொன்ன ஆய்வறிக்கையை அரசு வெளியிடவில்லை என்பதை நீதிபதி சோட்டோமயர் தன் எதிர்ப்பில் சுட்டிக்காட்டினார். எழுத்துவாதங்களை இன்னும் யாரோ ஒருவர் வரைந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் ஏதோ ஒரு வகுப்பறையிலிருந்துதான் வந்தார்.

என்னிஸும் பர்லிங்கும் மற்றவர்களைவிட நேர்மையானவர்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் 1983-ன் தீர்ப்பு வந்திருக்காது. ஆனாலும் அவர்கள் தங்கள் பெயர்களைத் தந்திருக்கக் கூடாது. சட்டம் கற்பிப்பவர்கள் கோரமாட்சு தீர்ப்பைப் பாடமாக வைக்கும்போது அந்த அடிக்குறிப்பின் முதல் வரைவையும் கடைசி வடிவத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதில் கையொப்பமிடுவீர்களா என்று ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.