எண்ணெய் இருக்கிறதா?



மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. பத்துப் பேரும் மணவாளனுக்காகவே புறப்பட்டார்கள். பத்துப் பேருமே தூங்கியும் போனார்கள். வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பாத்திரத்துக்குள்ளே பார்த்தால்தான் தெரியும்: ஐந்து பேரிடம் எண்ணெய் இருந்தது, ஐந்து பேரிடம் இல்லை.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது சுலபமாய்ப் புரியும். ஞாயிறு காலையில் காரைப் பளபளவென்று துடைக்கிறோம். கண்ணாடியில் வசனம் ஒட்டியிருக்கிறோம். டேங்க் நிறைய பெட்ரோல். ஆனால் பானெட்டைத் திறந்து எஞ்சின் ஆயிலைப் பார்த்து எத்தனை நாளாச்சு?

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். ஊற்றினால் மறுபடி ஓடும். ஆயில் தீர்ந்தால் எஞ்சினே போய்விடும். இரும்பும் இரும்பும் உரசாதபடி நடுவில் நிற்பது மெல்லிய ஆயில் படலம்தான். அது போனால் சூடேறி, பேரிங் தேய்ந்து, பிஸ்டன் இறுகி, எஞ்சின் சீஸ் ஆகிவிடும். ஒழுகல் இல்லாத வண்டியிலும் ஓட ஓட ஆயில் குறையும்.

"சிவப்பு லைட் எரிந்தால் பார்த்துக்கலாம் பிரதர்" என்கிறார்கள் சிலர். பல வண்டிகளில் அந்த லைட் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டதைத்தான் காட்டுகிறது. அது எரிந்தபின் அடுத்த ஊர் வரை ஓட்டலாம் என்று நினைக்கவே கூடாது. ஓரமாய் நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆயில் குறைந்த வண்டி அப்படிப்பட்ட ஏற்றத்தில் திரும்பும்போது, இருக்கிற ஆயிலும் ஒரு பக்கமாய் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். சமதரையில் மறைந்திருந்த குறைவு வளைவில் வெளிப்படும். சோதனைக் காலத்தில் நம் ஜீவியமும் அப்படியே!

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, நில்லுங்கள். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுத்திருங்கள். மேலே போன ஆயில் கீழே இறங்கட்டும். ஓடிக்கொண்டே இருக்கிறவன் தன்னைச் சோதித்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது, துடைத்துப் பாருங்கள். டிப் ஸ்டிக்கை உருவி, சுத்தமான துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி எடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும். அது இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டிப் ஸ்டிக் இல்லாத புது வண்டிகளில் திரையில் பாருங்கள். நேற்றைய அபிஷேகத்தின் ஈரத்தைப் பார்த்து, இன்றும் நிறைந்திருக்கிறேன் என்று எண்ணாதிருங்கள்.

மூன்றாவது, குறைந்ததை நிரப்புங்கள். வண்டிப் புத்தகம் சொல்லுகிற ஆயிலையே, கொஞ்சம் கொஞ்சமாய். மேல்கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைத்து, அதுவும் கெடுதல். பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உலகம் கலந்த ஜீவியத்துக்கும் மேலே ஊற்றுவது போதாது, உள்ளே சரிசெய்ய வேண்டும்.

தேவபிள்ளையே, நடுராத்திரியில் எண்ணெய் கடன் கிடைக்கவில்லை. போதகரின் ஜெபமும் அம்மாவின் உபவாசமும் உன் பாத்திரத்தை நிரப்பாது. கதவு இன்னும் திறந்திருக்கிறது. இன்றைக்கே பார்!

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.