யாருடைய வீடு?

திருமறையின் 65ஆம் அத்தியாயம் ‘அத்தலாக்’ எனப் பெயர் பெற்றது. மணவிலக்குப் பெற்ற பெண்டிரை இத்தாக் காலத்தில் அவர்தம் இல்லங்களினின்றும் வெளியேற்றலாகாதென அதன் முதல் வசனமே ஆடவருக்கு ஆணையிடுகின்றது. பகிரங்கமான மானக்கேட்டைச் செய்தாலன்றி இதற்கு விலக்கில்லை. ஈண்டு ஒரு சொல் நம் சிந்தனைக்குரியது. வீடு கணவன் கட்டியதாயிருக்கலாம். வாடகையும் அவனே கொடுத்து வரலாம். எனினும் அரபு மூலத்தில் ‘புயூத்திஹின்ன’ என்றே வந்துள்ளது. ‘அப்பெண்களின் வீடுகள்’ என்பது அதன் பொருள். பத்திரம் யார் பெயரில் உள்ளது என்று மறை கேட்கவில்லை. இல்லறம் நடத்தியவளுக்கு அவ்வில்லம் அவளுடையதே என்று தீர்ப்பளிக்கின்றது.

இதன் நோக்கம் யாது? அதன் பின்னர் இறைவன் புதியதொரு நிலையைத் தோற்றுவிக்கக் கூடுமென அவ்வசனத்தின் இறுதி குறிப்பிடுகின்றது. இப்புதிய நிலையாவது மன மாற்றமும் மீட்சியுமே என்பர் விரிவுரையாளர். ஒரே கூரையின் கீழ் மூன்று மாதங்களளவு இருந்தால், சினம் தணிந்து கணவன் மீட்டுக்கொள்ள வழியுண்டு. கருவுற்றவளாயின் பிரசவம் வரை இத்தா நீளும். மீட்க இயலாத தலாக்கிலும் உறைவிடம் உண்டென்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் ஒன்றுபடுகின்றனர். உணவுச் செலவில்தான் கருத்து வேறுபாடு. ஹனஃபிகள் அதனையும் கடமையென்பர். ஷாஃபிஈகளோ கருவுற்றவளுக்கே உரியதென்பர்.

நம் வழக்கம் எவ்வாறுள்ளது? பிணக்குத் தோன்றிய அன்றே பெட்டியைக் கட்டி, பிள்ளையையும் இடுப்பில் ஏற்றி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். சட்டப்படி தலாக் சொன்னதாக எண்ணுகின்றவன், அவ்வத்தியாயத்தின் முதற் கட்டளையை முதல் நாளிலேயே மீறிவிடுகின்றான். அதனைக் குற்றமென எவரும் கருதுவதில்லை.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அணித்தாக உள்ள காயல்பட்டினத்தில் நிலைமை வேறு. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், மணமகன் மணமகளின் வீட்டில் வந்து வாழ்வது தொன்மையான வழக்கம். வீட்டை மகளுக்கே அளிப்பர். மணமுறிவு நேரின் வெளியேற வேண்டியவன் ஆண். பெண்ணும் பிள்ளையும் தம் முற்றத்திலேயே இருப்பர். கூரையிழக்கும் அச்சம் அவர்களை வாட்டுவதில்லை. இது பெரும் பேறேயாகும்.

ஆயினும் இதில் ஒரு வினா எழுகின்றது. உறைவிடம் தரும் கடமையை மறை கணவன் தலைமேல் வைத்தது. நம் வழக்கமோ அதனைப் பெண்ணைப் பெற்றவனின் தோளுக்கு மாற்றிவிட்டது. நான்கு பெண் மக்களைப் பெற்ற வாப்பா நான்கு வீடுகளுக்கு வழி தேட வேண்டியவராகிறார். மாமனார் கட்டிய வீட்டில் அவள் வாழ்கின்றாள் என்பதனால் கணவனின் பொறுப்பு தீர்ந்துவிடாது. வழக்கம் பெண்ணுக்குப் பாதுகாப்பாகலாம். ஆணுக்குத் தப்பும் வழியாகலாகாது.

பிள்ளையின் செய்தியும் இத்தகையதே. தாயைப் பிள்ளையின் பொருட்டும், தந்தையைப் பிள்ளையின் பொருட்டும் துன்புறுத்தலாகாதெனத் திருமறை (2:233) இருவரையும் ஒருங்கே காக்கின்றது. வளர்க்கும் உரிமையாகிய ‘ஹளானத்’ இளமையில் தாய்க்கே உரியது. ஆண்பிள்ளைக்கு 7 வயது வரையும், பெண்பிள்ளைக்குப் பருவமெய்தும் வரையும் என்று ஹனஃபி நூல்கள் வரையறுக்கும். பகுத்தறியும் வயது வந்தபின் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும் என்பது ஷாஃபிஈ வழி. எவ்வழியாயினும் பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையுடையது. இவ்வொன்றை மறந்தே பலர், ‘பிள்ளையை என்னிடம் தராவிடில் காசு தரமாட்டேன்’ என்று பேரம் பேசுகின்றனர். பிள்ளை பிணைப்பொருளன்று.

நாம் மறந்ததை நாட்டின் நீதிமன்றங்கள் நினைவூட்டும் நிலை வந்துவிட்டது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005), சொத்துரிமை இல்லாவிடினும் மனைவிக்குக் குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமையை அளிக்கின்றது. அச்சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், கணவன் 2017இல் தலாக் அறிவிப்புகளை அனுப்ப, மனைவி அதனை ஏற்க மறுத்தார். மனைவிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், பிள்ளைக்கு மாதம் 25,000 ரூபாயும் தருமாறு திருநெல்வேலி நடுவர் மன்றம் 2021இல் ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் அதனை உறுதி செய்தது. மனைவி மறுக்கும் தலாக் செல்லுமா என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். தனியார் மன்றம் தரும் சான்றிதழ் போதாதென்றும் கூறிற்று. இதனைக் கேட்டு வெகுளுவோர் உளர். வெகுளுமுன், அச்சான்றிதழ்களை எழுதிய கரங்கள் அப்பெண்ணின் இருப்பிடத்தையும் பிள்ளையின் உணவையும் குறித்து ஒரு வரியேனும் எழுதினவா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும்.

ஜமாஅத் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். தலாக் என்று ஒருவன் உங்கள் முன் வந்து நின்றால், காரணத்தை விசாரிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்றிரவு அவள் எங்கே உறங்குவாள்? பிள்ளை யாரிடம் இருக்கும்? அதற்கு உணவளிப்பவர் யார்? இவற்றுக்கு விடை எழுதி ஒப்பமிடுமுன் பதிவேட்டைத் திறவாதீர்கள். இணைப்பில் நன்மை நாடச் சொன்ன மார்க்கம், பிரிவிலும் அதனையே நாடச் சொல்லியிருக்கின்றது.