ராஜகிரியின் பாதி வழி

நிச்சயதார்த்தம் முடிந்து மூன்றாவது வாரம் அவளைச் செஞ்சிக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தோம். பொய்யில்லை. ராஜகிரி ஏறும் வழியில் கமலக்கண்ணியம்மன் இருக்கிறாள், உச்சியில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. என் மனதில் ஓடியது மட்டும் வேறு. 800 அடி உயரம், நல்ல காற்று, கீழே வயல், பக்கத்தில் அவள். பின்னணி இசைதான் பாக்கி.

பாதி வழியில் ஒரு குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குக் கொஞ்சம் மேலே அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முடியலைங்க. தொடை பிடிச்சுக்குது. நீங்க வேணா போயிட்டு வாங்க."

நான் போனேன்.

இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கட்டுரையை எழுத வைப்பது அந்த இரண்டு சொற்கள்தான். கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை, சிரித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னக் கசப்பு இருந்தது. 'இவ்வளவு தூரம் வந்து, இதைக்கூட ஏற முடியலையா?' உச்சிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தின் பாலத்தைத் தாண்டி, மேலே நின்று கீழே பார்த்தேன். காற்றும் வயலும் நான் நினைத்தபடியே இருந்தன. அவள் எங்கே என்று தேடினேன், பாறை மறைத்தது. நான் எழுதி வைத்திருந்த காட்சியில் எல்லாம் இருந்தன, அவளைத் தவிர.

இந்த ஊர்க்காரர்களுக்குக் காதல், வீரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன். கதைப்பாடலாகத் திண்ணைகளில் பாடப்பட்டவன். 1960இல் 'ராஜா தேசிங்கு' படத்தில் எம்.ஜி.ஆர். முகத்தோடு வந்தான். குதிரை நீலவேணி, உயிர்த் தோழன் முகமது கான், உடன்கட்டை ஏறிய ராணி. ஒரு படத்துக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது.

வரலாற்றில் அவன் பெயர் தேஜ் சிங், பண்டேலா ராஜபுத்திரன். 1690இல் தொடங்கிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் கைக்கு வந்த கோட்டைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவன் தந்தை சொரூப் சிங். (அந்த எட்டு வருட முற்றுகையில் பெரும்பகுதி காத்திருப்பும் பசியும் பேரமும்தான். நான் அறிந்தவரை அதை யாரும் படமாக எடுக்கவில்லை.) தந்தை இறந்தபின் மகன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டது இரண்டு விஷயங்கள்: கட்டாத கப்பம் என்னாச்சு? உன் பெயருக்கு டெல்லியிலிருந்து முறையான பர்மான் எங்கே? பட்டா மாற்றத்துக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரியும். 1714 அக்டோபரில், சில நூறு பேரோடு பெரும்படையை எதிர்த்துப் போய் அவன் செத்தான். வயது 22. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை.

நிலுவைத் தொகை பாட்டில் நிற்காது, குதிரை நிற்கும். அதில் தவறொன்றும் இல்லை. நீலாம்பூண்டியில் முகமது கானுக்கும் குதிரைக்கும் சமாதி காட்டுகிறார்கள். குதிரைக்குக் கல்லறை கட்டும் ஊர்மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

என்னை உறுத்துவது ராணி. கதைப்பாடலில் ஒரு கட்டம் உண்டு. போருக்குக் கிளம்பும் தேசிங்கு மனைவியிடம் விடைபெறுகிறான், இருவருக்கும் நடுவே திரை. முகம் பார்க்காமலேயே பிரிகிறார்கள். அடுத்து அவள் சிதையில். கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரையில் அந்த இடத்தைக் காட்டுவார்கள். சின்ன வயதில் அங்கே நின்று 'எவ்ளோ பெரிய காதல்' என்று சிலிர்த்திருக்கிறேன். இப்போது கேட்கத் தோன்றுகிறது: யாருடைய காதல்? திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரி சாட்சியம் இல்லை. நாம்தான் அவளுக்கு வசனம் எழுதினோம். எதிரியான நவாபே அவள் நினைவாக ராணிப்பேட்டையை உருவாக்கினார் என்கிறார்கள். இன்று அது மாவட்டத் தலைநகர், தோல் தொழிற்சாலைகளின் ஊர். 1829இல் வங்காளத்தில் பெண்டிங்க் உடன்கட்டையைத் தடை செய்தார். 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் ரூப் கன்வர் எரிந்தபின் வந்த சட்டம், சதியைப் புகழ்வதையும் குற்றமாக்கியது. செட்டிக்குளத்தில் நான் சிலிர்த்ததை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சினிமாவைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்தத் திரையைத் தொங்கவிட்டது சினிமா இல்லை, அதற்கு முன்பே கதை சொல்லிகள் தொங்கவிட்டுவிட்டார்கள். தவிர, இதை ஒரு தோழியிடம் புலம்பியபோது அவள் மடக்கினாள்: "பஜ்ஜி சொஜ்ஜியோட பதினஞ்சு நிமிஷத்துல பொண்ணு பார்த்து முடிச்ச ஊர்ல, பொண்ணோட சம்மதத்தையும் கேட்கணும்னு எங்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே சினிமாதான்டா. அதை வச்சுத்தான் அவங்க எங்க தாத்தாகிட்ட மாட்டேன்னு சொன்னாங்க." பதில் சொல்ல முடியவில்லை. எதிர்பார்ப்பே வேண்டாம் என்று உபதேசிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வசதியாக இருப்பவர்கள்.

அப்படியானால் என் தவறு எது? அவளுடைய அம்மா அந்தக் கனவை வைத்துத் தனக்காக ஒரு வாசலைத் திறந்தார். நான் அதே மாதிரி ஒரு கனவை வைத்து இன்னொருத்திக்கு மார்க் போட்டேன். வாழ்க்கை படம் மாதிரி இல்லாதது என் ஏமாற்றம், அதை நான் பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கான பில்லை எதிரில் இருப்பவரிடம் நீட்டுகிறோம். தொடை பிடித்துக்கொண்டது அவளுக்கு, நஷ்டக் கணக்கு எழுதியது நான். அலுவலகத்தில் வாடிக்கையாளர் சொல்லாத அம்சத்தை நாமே கற்பனை செய்து கட்டிவிட்டு, ஏன் பயன்படுத்தவில்லை என்று கோபப்படுவோமே, அந்தக் கதைதான். உச்சிக்கு ஏறணும் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள்.

இதில் பயமுறுத்துவது, நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதுதான். நல்ல எண்ணத்தோடு, மூச்சு வாங்க, அவளுக்காகத்தான் ஏறுவதாக நம்பிக்கொண்டே அவளை விட்டுவிட்டு ஏறினேன்.

இறங்கி வர முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அவள் அங்கே தனியாக இல்லை. வெள்ளரிக்காய் கூடையோடு ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டியின் மருமகள் பிரச்சினை, பேரனின் பள்ளிக்கூடம், குரங்கை விரட்டும் முறை எல்லாம் இவளுக்கு அத்துபடியாகியிருந்தது. "மேல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். பாட்டி உப்பு மிளகாய்த்தூள் தடவிய ஒரு துண்டை என் பக்கம் நீட்டி, "பொண்ண இப்படி வெயில்ல உட்கார வச்சிட்டுப் போலாமா தம்பி?" என்றார். இவள் சிரித்தாள், என்னைக் காப்பாற்ற எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ராஜகிரி ஏறியதில்லை. திருவண்ணாமலைக்கு அந்த வழியாகப் போகும்போது, பஸ் ஜன்னலில் மூன்று மலைகளும் வரும். போன கார்த்திகைக்குப் போனபோது மகளுக்குக் கோட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன், தேசிங்கு ராஜன், நீலவேணி என்று. அவள் குறுக்கே கேட்டாள்: "அந்தப் பாட்டி இன்னும் அங்கதான் வெள்ளரிக்கா விக்கறாங்களா?"

அம்மா சொன்ன கதை போல. எனக்குத் தெரியவில்லை என்றேன்.