கரண்டியைக் கையில் எடு, தங்கச்சி!

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, ஊர் ஊராகக் கட்டட வேலைக்குப் போகும் தங்கச்சியே, உன்னிடம் ஒரு கேள்வி. கலவை சுமந்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, சாரத்தில் ஏறி இறங்கியே உன் வருஷங்கள் போகின்றன. உனக்குப் பின்னால் கையாளாக வந்த பையன் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறான். அப்புறம் மேஸ்திரியாகி உனக்கே கூலி போடுகிறான். நீ மட்டும் ஏன் இன்னும் சித்தாள்?

"பொம்பளைக்கு அவ்வளவு தெம்பு ஏது?" என்பார்கள். ரத்தம் கொதிக்கிறது! ஈரக் கலவை நிறைந்த பாண்டைத் தலையில் வைத்து இரண்டாம் மாடிக்கு ஏறுகிறவள் நீ. கொத்தனார் கையிலிருக்கும் கரண்டி அரைக் கிலோ கூட இராது. மணலுக்கு எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு தண்ணீர் என்பது உன் கைக்கே தெரியும். தூக்குக்குண்டு பார்ப்பதும், ரசமட்டத்தில் குமிழியை நடுவில் நிறுத்துவதும் பழகப் பழக வரும். மதியச் சோற்று நேரத்தில் கரண்டியைக் கேட்டு வாங்கு. நாலு வரி கட்டிப் பார். கோணினால் பிரித்துவிட்டு மறுபடி கட்டு!

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. "உன் வேலை வேறு" என்று காட்டித்தான் உன் கூலியைக் குறைக்கிறார்கள். அதனால்தான் கரண்டி, கரண்டி என்று அடித்துக்கொள்கிறேன்.

பெண்ணால் முடியுமா என்கிறாயா? கிண்டி பொறியியல் கல்லூரியில் 1944-இல் சிவில் முடித்தவர் பி.கே. திரேசியா. வேலையிடத்தில் பெண் பொறியாளரையே பார்த்திராத காலம் அது. கொச்சி சமஸ்தானத்துப் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்! அவ்வளவு தூரம் எதற்கு? உன் ஜவ்வாது மலைப் புலியூர்ப் பெண் ஸ்ரீபதி, குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினாள். 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானாள். உன்னைப் போலவே மலையாளிப் பழங்குடிப் பெண்தான்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது. உன் பெயரில் பதிவு செய். பிள்ளைகள் படிப்புக்கும் முதுமைக்கும் உதவி உண்டு. தொழில் கைக்கு வந்ததும், உன்னோடு மலையிறங்கும் பெண்களுக்கும் கற்றுக்கொடு, சேர்ந்தே வேலை பிடியுங்கள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதையும் கழிப்பறையையும் முன்னால் நின்று கேட்க ஒரு பெண் மேஸ்திரி வேண்டும். அது நீதான்.

அடுத்த வேலைக்குக் கூலி பேசும்போது, கொத்தனார் கூலி கேள். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் போய்க் கேள்!