பாட்டுக்குப் போய் காசா?

திருவையாறு தியாகராஜ ஆராதனையில் யாரும் சன்மானம் கேட்பதில்லை. காவிரிக் கரையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூடிப் பாடிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தஞ்சாவூர்ப் பசங்க பேண்ட் ஆரம்பித்து, சொந்தமாக ஆல்பம் வெளியிடும்போது விலை சொல்லக் கூசத்தான் செய்யும்.

ஆனா அங்கே பாடுகிறவர் விட்டுக்கொடுப்பது தன் கூலியை. ஆல்பத்தை இலவசமாக விடும்போது டிரம்ஸ் வாசிச்சவன், மிக்ஸிங் செஞ்சவன் கூலியும் சேர்ந்து போகிறது. அவங்களைக் கேட்டோமா?

2007-இல் ரேடியோஹெட் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தின் விலையை ரசிகர்களிடமே விட்டது, பூஜ்யம்கூடப் போடலாம். அவர்கள் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர்கள். புதுசா வர்றவங்களுக்கு அது தாங்காது.

பேண்ட்கேம்பில் குறைந்தபட்ச விலை வைத்து, அதற்கு மேல் அவரவர் விருப்பம் என்று விடலாம். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு பொதுவாக 15 சதவீதம். காசில்லாதவர் அங்கேயே சும்மா கேட்கலாம். கேட்க இலவசம், வாங்க விலை: இது நியாயம்தான்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு விலை சொல்வது அரசு, விளைவிச்சவர் இல்லை. தன் விளைச்சலுக்குத் தானே விலை சொல்லும் வாய்ப்பு இந்த டெல்டாவில் சிலருக்குத்தான் கிடைக்கிறது. கிடைத்த இடத்தில் பூஜ்யம் என்று எழுதலாமா?